இழுப்பு இல்லாத நாளில் எடுக்கும் மருந்து

இந்த மாதப் பாடம் மூச்சைப் பற்றியது. நம் வகுப்புக்கு வருகிறவர்களில் ஆஸ்துமா உள்ளவர்கள் உண்டு. நானும் அதில் ஒருவன். ஆறு வயதிலிருந்து இன்ஹேலர் பிடிக்கிறேன். இப்போது பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படிக்கிறேன். மருத்துவன் இல்லை. அதனால் உங்கள் மருந்தின் அளவை நான் சொல்லப் போவதில்லை, அது டாக்டரின் வேலை. ஆனால் கிளினிக்கில் ஐந்து நிமிஷத்தில் சொல்லி அனுப்பிவிடும் விஷயங்களை நாம் இங்கே நிதானமாகப் பார்க்கலாம்.

பாடத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்துமா, இழுப்பு வருகிற அன்று மட்டும் இருக்கிற நோய் இல்லை. இழுப்பு இல்லாத நாளிலும் அது உள்ளேதான் இருக்கிறது. அந்த நல்ல நாட்களில் நாம் என்ன செய்கிறோமோ, அதுதான் கெட்ட நாளில் நம்மைக் காப்பாற்றும்.

நம் குளிர்காலம் எது?

ஆஸ்துமா பற்றிய அறிவுரைகளில் பாதி, குளிர்நாட்டுக்காரர்களுக்காக எழுதியவை. கழுத்துத் துணியால் மூக்கை மூடு, பனிக்காற்றில் ஓடாதே என்று இருக்கும். சுங்கை செம்பிலாங்கில் உட்கார்ந்து இதைப் படித்தால் சிரிப்புத்தான் வரும். ஆனால் அந்த அறிவுரைக்குள் ஓர் உண்மை இருக்கிறது. ஒவ்வோர் ஊருக்கும் மூச்சுக்கு ஆகாத பருவம் ஒன்று உண்டு. அது எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரியும். தெரிகிற ஒன்றுக்கு முன்கூட்டியே தயாராகலாம்.

நமக்கு அப்படி இரண்டு பருவங்கள் உண்டு. ஒன்று புகைமூட்டம். ஜூன் முதல் செப்டம்பர் வரை, சில ஆண்டுகளில் அக்டோபர் வரைக்கும்கூட, தென்மேற்குப் பருவக்காற்று வீசும் வறண்ட மாதங்கள் இவை. நமக்கு நேர் எதிரே, மலாக்கா நீரிணையைத் தாண்டினால் சுமத்திரா. அங்கே கரிமண் நிலங்களில் தீப்பிடித்தால் புகை நம் கடற்கரைக்குத்தான் முதலில் வந்து சேரும். எல் நீனோ ஆண்டுகளில் மழை குறைவதால் இது இன்னும் மோசமாகும். நம் பக்கத்திலும் கரிமண் உண்டு. வட சிலாங்கூர் சதுப்புக் காடு, ராஜா மூசா காப்புக்காடு எல்லாமே தீப்பிடித்து எரிந்த வரலாறு உள்ளவை. கரிமண் தீ மேலே கொழுந்துவிட்டு எரியாது. மண்ணுக்குள்ளேயே கனிந்து, நாள் கணக்கில் புகையைக் கக்கும். தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் பக்கம் அறுவடைக்குப் பிறகு வைக்கோல் எரித்தால் அந்தப் புகை வேறு.

இரண்டாவது மழைக்காலம், ஏறக்குறைய அக்டோபர் முதல் ஜனவரி வரை. வீட்டுச் சுவரில் ஈரம், மூலையில் பூஞ்சணம், காயாத மெத்தை, வீட்டில் ஒருவருக்குச் சளி பிடித்தால் எல்லாருக்கும் சளி. குளிர்நாடுகளில் ஆஸ்துமா மோசமாவதற்குக் குளிர்காற்று ஒரு காரணம் என்றால், சளிக் கிருமிகள் இன்னொரு பெரிய காரணம். அந்த இரண்டாவது நமக்கும் அப்படியே பொருந்தும்.

2005 ஆகஸ்ட் 11

இந்தத் தேதியைக் கோல சிலாங்கூர்க்காரர்கள் மறக்கக் கூடாது. அன்று வியாழக்கிழமை. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டியதால், கோல சிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் அரசாங்கம் அவசரநிலையை அறிவித்தது. பள்ளிகளும் அலுவலகங்களும் மூடப்பட்டன. 13-ஆம் தேதிதான் அவசரநிலை விலக்கப்பட்டது. அப்போது நான் கைக்குழந்தை. அம்மா சொல்லித்தான் தெரியும். "எதிர் லயம் தெரியல. கதவு இடுக்கெல்லாம் ஈரத்துணி வச்சி அடைச்சோம்" என்பார்.

இந்தக் குறியீட்டை மலாயில் ஐ.பி.யு. என்கிறோம். அதன் படிகளை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். 0 முதல் 50 வரை நல்லது. 51 முதல் 100 வரை மிதமானது. 101 முதல் 200 வரை ஆரோக்கியமற்றது. 201 முதல் 300 வரை மிக ஆரோக்கியமற்றது. 300-க்கு மேல் ஆபத்து. சுற்றுச்சூழல் துறை இதை மணிக்கு மணி வெளியிடுகிறது. 2018-இலிருந்து இந்தக் கணக்கில் பி.எம். 2.5 என்ற நுண்துகளும் சேர்க்கப்பட்டது. 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவாகவும் உள்ள துகள் அது. நம் தலைமுடியின் பருமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. மூக்கு மயிரில் சிக்காது, தொண்டைச் சளியிலும் ஒட்டாது. நேரே நுரையீரலின் ஆழத்துக்குப் போய்விடும்.

ஆஸ்துமா உள்ளவர்கள் 300 வரை காத்திருக்க வேண்டியதில்லை. 101-இலேயே நம் திட்டம் தொடங்க வேண்டும். திடல் விளையாட்டை நிறுத்துவது, வெளியே போனால் என்95 முகக் கவரி போடுவது, இன்ஹேலரைப் பையிலேயே வைத்திருப்பது. சாதாரண மெல்லிய முகக் கவரி இருமல் தெறிப்பைத் தடுக்கும், புகைத் துகளை அவ்வளவாகத் தடுக்காது. என்95-உம் முகத்தோடு ஒட்டி இருந்தால்தான் பயன். ஓரத்தில் காற்று புகுந்தால் போட்டும் போடாத மாதிரிதான். அதைப் போட்டதும் மூச்சு முட்டுகிற அளவுக்கு நோய் உள்ளவர்கள், வெளியே போகாமல் இருப்பதே நல்லது.

குழாய்க்குள் நடப்பது

எங்கள் திரவ இயக்கவியல் வகுப்பில் புவசேய் விதி என்று ஒன்று வரும். நேரான குழாயில் அமைதியாக ஓடும் காற்றுக்கோ நீருக்கோ உள்ள தடை, குழாயின் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் தடை இரண்டு மடங்காகாது, 16 மடங்காகும். ஆரம் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் குறைந்தாலே தடை ஏறக்குறைய இரண்டரை மடங்காகிவிடும். நம் மூச்சுக்குழாய் அப்படியே நேரான பிளாஸ்டிக் குழாய் இல்லைதான். ஆனாலும் கொஞ்சம் சுருங்கினாலே ஏன் இவ்வளவு திணறுகிறோம் என்பது இதிலிருந்து புரியும்.

குழாய் மூன்று வகையில் சுருங்குகிறது. ஒன்று, சுற்றியுள்ள தசை இறுகுகிறது. இரண்டு, உட்சுவர் அழற்சியால் வீங்குகிறது. மூன்று, கெட்டிச் சளி அடைக்கிறது. இதில் தசை இறுக்கம் நிமிஷத்தில் வரும், நிமிஷத்தில் போகும். வீக்கம் அப்படி இல்லை. அது நாள் கணக்கில், வார கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். வீங்கிய சுவர் எதற்கும் சட்டென்று கோபப்படும். புகையோ தூசியோ சளியோ பட்டதும் தசை இறுகிவிடும்.

இதைப் புரிந்துகொண்டால் இரண்டு வகை மருந்து ஏன் என்பதும் புரியும்.

நீல நிறத்தில் வரும் சல்பியூட்டமால், அதாவது நம்மில் பலர் வெண்டோலின் என்று சொல்வது, இறுகிய தசையைத் தளர்த்தும். சில நிமிஷத்தில் வேலை செய்யும், நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை நிற்கும். ஆனால் வீக்கத்தை அது தொடவே தொடாது. மற்றது தடுப்பு இன்ஹேலர். நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அதனால் நிறத்தைப் பார்க்காமல் பெயரைப் படியுங்கள். புடிசோனைடு, பெக்லோமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு அதில் இருக்கும். அதுதான் வீக்கத்தைக் குறைக்கிறது. ஆனால் அடித்த உடனே எதுவும் தெரியாது. தினமும் எடுத்து, நாட்கள் போன பிறகுதான் வித்தியாசம் தெரியும்.

பிரச்சினை இங்கேதான். உடனே சுகம் கொடுப்பதை நாம் மருந்து என்று நம்புகிறோம். சத்தமில்லாமல் வேலை செய்வதைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம்.

அலமாரியில் இருந்த பெட்டி

என் மாமா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். நல்ல உழைப்பாளி. அவருக்கும் இழுப்பு உண்டு. நீல இன்ஹேலர் இல்லாமல் வெளியே போகமாட்டார். "ரெண்டு பம்ப் அடிச்சா சரியாயிடும்" என்பது அவர் வழக்கம். ரொம்ப முடியாவிட்டால் கிளினிக்குப் போய் 'கேஸ்' வைத்துக்கொண்டு வருவார். மறுநாள் வேலைக்குப் போய்விடுவார். 2015-ஆம் ஆண்டுப் புகைமூட்டத்தில் ஒரு நாள் ராத்திரி, எத்தனை பம்ப் அடித்தும் நிற்கவில்லை. விடியட்டும், கிளினிக் போகலாம் என்றார். விடிவதற்குள் போய்விட்டார். வயது 38.

கருமாதி முடிந்து அலமாரியைச் சுத்தம் செய்தபோது மூன்று தடுப்பு இன்ஹேலர்கள் பெட்டி பிரிக்காமல் இருந்தன. கிளினிக்கில் கொடுத்தவைதான். "இதெல்லாம் அடிச்சி ஒண்ணும் ஆகலன்னு சொல்லுவாரு" என்றார் அத்தை.

மாமா மாதிரி நடப்பது நம் தோட்டத்தில் மட்டும் இல்லை. பிரிட்டனில் ஆஸ்துமாவால் இறந்த 195 பேரின் கதையை மருத்துவர்கள் தோண்டித் துருவி ஆராய்ந்து 2014-இல் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்களில் 45 விழுக்காட்டினர் மருத்துவ உதவியைத் தேடாமலோ, தேடியும் அது கிடைப்பதற்கு முன்போ இறந்திருந்தார்கள். நிவாரண இன்ஹேலர் எத்தனை வாங்கினார்கள் என்ற விவரம் கிடைத்த 165 பேரில் 65 பேருக்கு ஒரே ஆண்டில் 12-க்கும் மேற்பட்ட இன்ஹேலர்கள் எழுதித் தரப்பட்டிருந்தன. அங்கே கிளினிக் பக்கத்தில் இருக்கிறது, மருந்தும் கிடைக்கிறது. இருந்தும் இப்படி. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-இல் மட்டும் ஆஸ்துமாவால் இறந்தவர்கள் 4,55,000 பேர்.

அதே 2019-இல், ஜினா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் உலக ஆஸ்துமா அமைப்பு தன் வழிகாட்டியை மாற்றியது. பெரியவர்களும் பதின்ம வயதினரும் நீல இன்ஹேலரை மட்டுமே நம்பி இருக்கக்கூடாது, இலேசான ஆஸ்துமா என்றாலும் ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் ஏதாவது ஒரு வடிவில் வேண்டும் என்றது. ஒரே இன்ஹேலரில் இரண்டு மருந்தும் சேர்ந்து வருவதும் உண்டு. உங்களுக்கு எது பொருந்தும் என்று அடுத்த முறை டாக்டரிடம் வாய்திறந்து கேளுங்கள்.

"ஸ்டீராய்டா? உடம்பு ஊதிடுமே!" என்று நம் வீட்டில் பயப்படுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு இழுப்பு இன்ஹேலரில் 200 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். இழுப்பு முற்றினால் கொடுக்கும் பிரெட்னிசோலோன் மாத்திரை ஒன்று 5 மில்லிகிராம், அதாவது 5,000 மைக்ரோகிராம். எடைக்கணக்கில் இருபத்தைந்து மடங்கு. அந்த மாத்திரையையும் ஒரு நாளைக்குப் பல எண்ணிக்கையில் எடுக்க வேண்டி வரும். இன்ஹேலர் மருந்து நுரையீரலுக்கு நேராகப் போவதால் கொஞ்சமே போதும். எடுத்து முடித்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். வாய்ப்புண்ணும் குரல் கம்மலும் குறையும்.

நான்கு கேள்வி

கடந்த நான்கு வாரத்தை நினைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

ஒன்று: வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் பகலில் இழுப்போ, நெஞ்சு இறுக்கமோ, இருமலோ வந்ததா?
இரண்டு: ஆஸ்துமாவால் ஒரு ராத்திரியாவது தூக்கம் கலைந்ததா?
மூன்று: நீல இன்ஹேலர் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டதா?
நான்கு: ஆஸ்துமாவால் ஏதாவது வேலையை, விளையாட்டை விட்டீர்களா?

நான்குக்கும் இல்லை என்றால் நோய் கட்டுக்குள் இருக்கிறது. ஒன்று அல்லது இரண்டு ஆமாம் என்றால் பாதிக் கட்டுப்பாடு. மூன்று, நான்கு ஆமாம் என்றால் கட்டுப்பாட்டில் இல்லை, புகைமூட்டம் வருவதற்கு முன்பே கிளினிக் போக வேண்டும். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். வேலை நாளில் லீவு போடுவது கஷ்டம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் இழுப்போடு நடுராத்திரி தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கு ஓடுவதைவிட அது எளிது.

கையில் பிடிக்கும் முறை

1955-இல் அமெரிக்காவில் 13 வயதுப் பெண் ஒருத்தி, தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே மாதிரி ஆஸ்துமா மருந்தும் ஏன் டப்பாவில் வரக்கூடாது என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா ஜார்ஜ் மேசன், ரைக்கர் மருந்து நிறுவனத்தின் தலைவர். மறு ஆண்டே அளவுக் கட்டுப்பாட்டு இன்ஹேலர் சந்தைக்கு வந்தது. நோயாளியே கேட்ட கேள்வியில் பிறந்த கருவி என்பதால் எனக்கு அதன் மேல் தனி மரியாதை. ஆனால் அதைச் சரியாகப் பிடிக்காவிட்டால் மருந்தில் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும்.

முறை இதுதான். நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை முழுதும் வெளியே விடுங்கள். உதட்டால் இறுகப் பிடியுங்கள். மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே ஒரு முறை அழுத்துங்கள். தொடர்ந்து ஆழமாக இழுத்துப் பத்து விநாடி அடக்குங்கள். அடுத்த இழுப்புக்கு அரை நிமிஷமாவது விடுங்கள். பொடி வகை இன்ஹேலர் வேறு. அதை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அழுத்துவதையும் இழுப்பதையும் ஒரே நேரத்தில் செய்வது சின்னப் பிள்ளைகளுக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் வராது. அதற்குத்தான் ஸ்பேசர் என்ற குடுவை. அது இல்லாத இடத்தில் என்ன செய்வது? தென்னாப்பிரிக்காவில் ஹெதர் சார் என்ற குழந்தை மருத்துவரும் குழுவினரும் 1999-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சாதாரண 500 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலின் அடியில் இன்ஹேலரின் வாய் அளவுக்குத் துளை போட்டு, இடைவெளி இல்லாமல் பொருத்தினால், கடையில் விற்கும் ஸ்பேசருக்குச் சமமாக வேலை செய்கிறது என்று கண்டார்கள். போத்தலின் வாய்ப்பக்கம் நோயாளி மூச்சு விடுவார். செய்தால் சவர்க்கார நீரில் கழுவி, துணியால் துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். துடைத்தால் நிலைமின்சாரம் சேர்ந்து மருந்து சுவரில் ஒட்டும்.

வீட்டுக்குள் இருக்கும் புகைமூட்டம்

வெளியே புகை என்று கதவை அடைத்துவிட்டு உள்ளே கொசுவர்த்தி கொளுத்துகிறோம். சீனாவிலும் மலேசியாவிலும் விற்கும் கொசுவர்த்திச் சுருள்களை எரித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2003-இல் வந்தது. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்றது. டிங்கிப் பயம் நியாயமானதுதான். அதற்கு ஜன்னல் வலை, கட்டில் வலை, தோலில் பூசும் மருந்து, தேங்கிய தண்ணீரைக் கொட்டுவது என்று புகையில்லாத வழிகள் உண்டு.

அடுத்தது சாம்பிராணி. இதைச் சொன்னால் பாட்டிக்குக் கோபம் வரும். வெள்ளிக்கிழமை தூபம் நம் வீட்டு அழகு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நுரையீரலுக்குச் சாம்பிராணிப் புகையும் புகைதான். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் தூபத்தை வாசலில் காட்டலாம், ஜன்னலைத் திறந்து வைக்கலாம், புகைமூட்ட நாளில் விளக்கோடும் பூவோடும் நிறுத்திக்கொள்ளலாம். யாகசாலையில் காற்று வரும் பக்கமாக நிற்கலாம், தள்ளி நின்று கும்பிடலாம். தள்ளி நின்றதால் புண்ணியம் குறையாது. தீபாவளி ராத்திரி பட்டாசுப் புகைக்கும் இதே கணக்குத்தான்.

சிகரெட்டுக்கு இந்தச் சலுகை எதுவும் இல்லை. ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் யாரும் புகைக்கக் கூடாது, வேப் உட்பட. குப்பையைத் தோட்டத்தில் கொளுத்துவது 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். பக்கத்து வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். "அங்கிள், வீட்ல புள்ளைக்கு இழுப்பு, கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள்.

மழை மாதங்களில் பூஞ்சணத்தைத் துடைத்து, ஈரமான சுவரிலிருந்து கட்டிலைத் தள்ளி நகர்த்தி, தலையணை உறையை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவையுங்கள். கூட்டும்போது தூசி பறப்பதால் ஈரத்துணியால் துடைப்பது நல்லது. ஆண்டுக்கு ஒரு முறை இன்புளுவென்சா தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பல வருஷம் புகைத்த தாத்தாவுக்கு வருவது பெரும்பாலும் ஆஸ்துமா இல்லை, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. ஒரே மாதிரி இழுக்கிறது என்று உங்கள் இன்ஹேலரை அவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். மூச்சை ஊதிப் பார்க்கும் பரிசோதனையில்தான் வித்தியாசம் தெரியும்.

பிராணாயாமமும் வௌவால் கறியும்

நம் இயக்கத்தில் பிராணாயாமம் கற்றுக்கொடுக்கிறோம். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்திலேயே அதற்கு இடம் கொடுத்திருக்கிறார். மூச்சுப் பயிற்சி ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பதற்றத்தைக் குறைத்து, நிதானமாக மூச்சு விடப் பழக்குகிறது, அன்றாட வாழ்க்கை கொஞ்சம் சுகப்படுகிறது. மருத்துவ வழிகாட்டிகளும் இதை ஒத்துக்கொள்கின்றன. ஆனால் குழாய்ச் சுவரின் வீக்கத்தை அது ஆற்றாது. அதனால் மருந்தோடு சேர்த்துச் செய்யுங்கள், மருந்துக்குப் பதிலாகச் செய்யாதீர்கள். இழுப்பு வந்திருக்கும்போதும் புகைமூட்டத்தில் வெளியே உட்கார்ந்தும் வேக மூச்சுப் பயிற்சி வேண்டவே வேண்டாம்.

வௌவால் கறி தின்றால் இழுப்பு போகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். போகாது. சின்ன வயதில் சிலருக்கு ஆஸ்துமா தானாகவே அடங்கும், பேர் வௌவாலுக்குப் போய்விடும். அதைவிட ஆபத்தானது பெயரில்லாத பொடிகளும் மாத்திரைகளும். பாரம்பரிய மருந்து என்று விற்றவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற பலமான ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இன்ஹேலர் ஸ்டீராய்டுக்குப் பயந்தவர், அதைவிடப் பல மடங்கு ஸ்டீராய்டைத் தெரியாமலே விழுங்குகிறார். பதிவு எண் இல்லாத மருந்தை வாங்காதீர்கள்.

இழுப்பு வந்துவிட்டால்

இதை வகுப்பில் எல்லாரும் கற்றிருக்க வேண்டும், ஆஸ்துமா இல்லாதவர்களும்.

உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். சட்டைப் பித்தானைத் தளர்த்துங்கள். நிவாரண இன்ஹேலரை ஸ்பேசரில் பொருத்தி ஒரு பம்ப் அடித்து, நான்கு முதல் ஆறு மூச்சு விடச் சொல்லுங்கள். இப்படி நான்கு பம்ப், ஒவ்வொன்றாக. நான்கு நிமிஷம் பாருங்கள். சரியாகவில்லை என்றால் இன்னும் நான்கு. அப்படியும் சரியாகவில்லை என்றால் 999-ஐ அழையுங்கள், வண்டி வரும் வரை மருந்தைத் தொடருங்கள்.

சில அறிகுறிகள் இருந்தால் காத்திருக்கவே கூடாது, மருந்தைக் கொடுத்துக்கொண்டே உடனே உதவி தேடுங்கள்: ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது, விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்குகிறது, மயக்கமாகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். இழுப்புச் சத்தம் நின்றும் ஆள் திணறினால் அது சுகமானதற்கு அடையாளம் இல்லை. காற்றே போகாததால் சத்தமும் போய்விட்டது என்று பொருள். 'விடியட்டும்' என்ற வார்த்தையை மட்டும் யாரும் சொல்லக் கூடாது.

மறைக்க வேண்டிய விஷயமா?

சில வீட்டில் பெண்பிள்ளை இன்ஹேலர் பிடிப்பதை உறவுக்காரர்களுக்குத் தெரியாமல் வைக்கிறார்கள். "நாளைக்கி மாப்பிள்ளை வீட்ல கேட்டா?" என்கிறார்கள். ஆண்பிள்ளைகள் ஃபுட்பால் கூட்டாளிகள் கேலி செய்வார்கள் என்று பையின் அடியில் ஒளிக்கிறார்கள். தேவைப்படும் நேரத்தில் கைக்கு எட்டாத இன்ஹேலரால் என்ன பயன்?

பவுலா ராட்கிளிஃப் பதின்ம வயதிலிருந்தே ஆஸ்துமா உள்ள பிரிட்டிஷ் ஓட்டக்காரி. 2003-இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிஷம் 25 விநாடியில் ஓடி உலகச் சாதனை வைத்தார். 16 ஆண்டுகள் அதை யாராலும் முறியடிக்க முடியவில்லை. அவர் நோயை மறைக்கவில்லை, மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டு ஓடினார். நமக்கு மாரத்தான் வேண்டாம், தைப்பூசத்தில் பத்துமலையின் 272 படிகளைச் சிரித்துக்கொண்டே ஏறினால் போதும். ஓடினால், ஏறினால் இழுக்கும் என்பவர்கள், முன்கூட்டியே என்ன எடுப்பது என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விரத நாட்களிலும் மருந்தை விடாதீர்கள்.

வகுப்பில் செய்ய வேண்டியவை

1. ஆஸ்துமா உள்ளவர்கள் தங்கள் இன்ஹேலரை அடுத்த வகுப்புக்குக் கொண்டு வரட்டும். காலாவதித் தேதியையும், எத்தனை பம்ப் மிச்சம் என்ற எண்ணையும் சேர்ந்து பாருங்கள். ஒருவர் பிடித்துக் காட்ட, மற்றவர்கள் மேலே சொன்ன முறையோடு ஒப்பிடுங்கள்.

2. போத்தல் ஸ்பேசர் ஒன்று செய்து முதலுதவிப் பெட்டியில் வையுங்கள். முகாம், கோயில் தொண்டு, விளையாட்டு நாள் எங்கே போனாலும் அந்தப் பெட்டி வரட்டும்.

3. ஜூன் மாதம் பிறப்பதற்கு முன் ஆஸ்துமா உள்ள ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள்: தினமும் எடுக்கும் மருந்து, இழுப்பு வந்தால் எடுப்பது, எப்போது கிளினிக், எப்போது 999, யார் வண்டி ஓட்டுவார். மருந்துப் பகுதியை டாக்டரிடம் காட்டிச் சரிபாருங்கள்.

4. பேசுங்கள்: உங்கள் வீட்டில் எந்தப் புகையை முதலில் நிறுத்த முடியும்? அதை வீட்டுப் பெரியவர்களிடம் மரியாதை குறையாமல் எப்படிச் சொல்வீர்கள்?

5. இன்று வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து பாருங்கள். பெட்டி பிரிக்காத தடுப்பு இன்ஹேலர் இருந்தால், அது யாருடையதோ அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அவருக்கு இன்றைக்கு இழுப்பு இல்லை என்றாலும் பேசுங்கள்.